நேரத்துக்கு முன்னே வந்த தாள்

மதியம் 1:50.

"டிஸ்க்கைக் காணோம்!"

மெஷின் ரூமிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டபோது அண்ணியின் விரல் நான்காம் வகுப்பு அறிவியலில், மழை எப்படிப் பெய்கிறது என்ற பக்கத்தில் இருந்தது. 'மேகம்' என்ற சொல்லின் மேலேயே விரல் நின்றுவிட்டது.

அது பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் புள்ளி எழுத்தில் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடம். அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அச்சாகி வரும் ஒவ்வொரு தாளையும் விரலால் படித்து, இடம் தவறிய புள்ளியைப் பிடிப்பது அவள் வேலை. கொழுந்தன் அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவன். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடப்போய், டைரக்டர் மேடத்தைத் தவிர எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த பைண்டிங் அக்காவுக்கும் அண்ணிதான்.

மறுநாள் காலை அச்சகத்தின் பதினெட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவதாக ஏற்பாடு. அதற்கான ஆயத்தம் இரண்டு வாரமாக நடந்தது. கொழுந்தன் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் நகல் எடுத்தான். பிறகு மெஷினின் நெற்றியில் ஸ்டிக்கர். பச்சை என்றால் புது சிஸ்டத்தைத் தாங்கும். மஞ்சள் என்றால் கொஞ்சம் நினைவகம் கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் ஆயுசு முடிந்தது.

சிவப்பு வாங்கியது ஒன்றே ஒன்று. புள்ளி குத்தும் அச்சு இயந்திரத்தை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர். அதற்கு 'தூங்குமூஞ்சி' என்று பெயர். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப் பல வருடமாயிற்று. சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் போதும், நாள், மாதம், வருடம் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் அதற்கு என்றோ முடிந்துபோன ஒரு வருடத்தின் ஜனவரி முதல் தேதிதான். காலையில் யார் அதை எழுப்புகிறார்களோ அவர்கள்தான் நேரத்தைக் கையால் திருத்த வேண்டும்.

மற்றப் பதினேழு மெஷின்களும் அன்று காலையிலேயே துடைத்துக் காலியாக்கப்பட்டிருந்தன. இரண்டு நகல் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது டிஸ்க் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். "ஒண்ணுதான் இருக்கே, ஆரம்பிச்சிடு" என்று மேடம் அவசரப்படுத்தினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஏழு வகுப்புகளின் புத்தகங்களும் அந்த ஒற்றை டிஸ்க்கில்தான் இருந்தன.

2:10.

மேடத்தின் அறையில் நான்கு நாற்காலிகள் நகர்ந்தன. தட்டச்சுப் பிரிவுக்கு அன்று விடுமுறை. கட்டடத்தில் இருந்தது ஐந்தே பேர். டைரக்டர் மேடம், கொழுந்தன், அண்ணி, பைண்டிங் அக்கா, அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர்.

மேற்பார்வையாளருக்குப் பட்டப்பெயர் 'கழுகு'. அறையின் அந்தக் கோடியில் நின்றே தாளில் மழுங்கிய ஒரு புள்ளியைக் காட்டுவார். அண்ணி விரலால் கண்டுபிடிப்பதற்குள் கழுகு கண்ணால் கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடமாக அந்தப் போட்டி நடக்கிறது.

"டிஸ்க் எங்க இருந்துச்சு?" மேடம் கேட்டாள்.

"தூங்குமூஞ்சிக்குப் பின்னால. நகல் ஓடிட்டிருந்துச்சு மேடம். ஒரு மணிக்குச் சாப்பிடப் போனேன்."

"எப்ப திரும்பி வந்தே?"

"ஒண்ணு இருபத்தஞ்சுக்கு அண்ணிகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சேன். உள்ள போய் ஸ்டிக்கர் கட்டை எடுத்துட்டு உடனே வெளிய வந்துட்டேன். பின்பக்கம் பார்க்கலை. ஒண்ணு அம்பதுக்குப் போய்ப் பார்த்தா டிஸ்க் இல்ல. மெஷின் உறைஞ்சு நின்னுச்சு. பதறிப்போய் ஸ்விட்சை அணைச்சுப் போட்டேன்."

"நீ ஒண்ணு இருபத்தேழுக்கு உள்ள போனதை நானே பார்த்தேன். ஒண்ணு இருபத்தஞ்சுக்கு வெளியிலேருந்து திரும்பி வந்ததுலேருந்து இந்தக் கண்ணாடி வழியா நடையைப் பார்த்துட்டேதான் இருக்கேன். உன்னைத் தவிர ஒரு ஈ, காக்கா அந்த ரூமுக்குள்ள போகலை." மேடம் ஒரு காகிதத்தைத் தட்டினாள். "தூங்குமூஞ்சி எழுதி வெச்சிருக்கிற குறிப்பு இது. 'நகல் பாதியில் நின்றது. டிஸ்க் அகற்றப்பட்டது. நேரம் 1:29.' இதுக்கு என்ன சொல்றே?"

"அது நேரம் சரியா காட்டாது மேடம்."

"இப்ப என்ன காட்டுது?"

கொழுந்தனின் குரல் கம்மிற்று. "இப்ப... ஜனவரி ஒண்ணு. நான்தான் அணைச்சுப் போட்டுட்டேனே."

யாரும் சிரிக்கவில்லை.

"போன வாரம் என்கிட்ட என்ன சொன்னே? 'ஒருநாள் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடறேன், அப்ப தெரியும் என் அருமை'ன்னு சொன்னியா இல்லையா?"

"கோபத்துல சொன்னது மேடம்!"

"நாலரை மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் போலீஸ்."

அடுத்த மாதம் கொழுந்தனின் வேலை நிரந்தரமாகப் போகிறது. மூன்று வருடத்துக்கு முன் அவனுக்காக இந்த அறையில் வந்து வாக்குக் கொடுத்தவள் அவள். திருடன் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், இவன் ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரி லேசில் உரிந்து வராது.

"அண்ணி, நான் எடுக்கலை," என்றான் அவன் நடையில்.

"தெரியும் தம்பி. அழுது மூக்கைச் சிந்தாம, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. காலையில தூங்குமூஞ்சியை எழுப்பினது யாரு?"

"நான் வரும்போதே ஓடிட்டிருந்துச்சு. கழுகு சார் சீக்கிரமே வந்து முதல் தாளைப் போட்டுட்டாரு."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். காலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நடந்ததா, கனவா என்று அப்போதே சந்தேகப்பட்ட விஷயம்.

அச்சாகும் ஒவ்வொரு தாளின் தலையிலும் தூங்குமூஞ்சி தானாகவே ஒரு வரி குத்தும். புத்தகத்தின் பெயர், பக்கம், தேதி, நேரம். அன்று காலை ஒரு தாள் கைக்கு வந்தது, இன்னும் சூடு ஆறாமல். தலைவரியில் நேரம் 10:05. அண்ணி மூன்றாவது வரியில் இருக்கும்போது எதிர்த்தெரு ஆலையின் பத்து மணிச் சங்கு ஊதியது. இனிமேல்தான் அச்சாகப் போகிற தாள் எப்படி இப்போதே மடியில் வந்து விழுந்தது? வேலையில்லாத மெஷின்களின் விசிறிகள் எல்லாம் ஓய்ந்து, கட்டடமே தண்ணீருக்கடியில் கிடப்பது போன்ற அமைதி. கண் அயர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது மேசைக்குப் போய் அந்தத் தாளை எடுத்துத் தடவினாள். கனவில்லை. 10:05.

2:40.

பைண்டிங் அறையில் பசை வாசனை. அக்கா புத்தகங்களை அடுக்கி, புள்ளிகள் நசுங்காமல் இருக்க நடுவே பழைய தாள்களைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பாட்டு நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னையும் சந்தேகமா? தையல் மெஷினை நிறுத்தவே இல்லையே. உனக்குக் கேக்கலையா?"

கேட்டது. ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை அந்தத் தையல் மெஷின் ஒரே தாளத்தில் ஓடியது சாப்பாட்டு அறை வரைக்கும் கேட்டது. அந்தத் தாலாட்டில்தான் சாப்பிடும்போதே அண்ணிக்குக் கண்ணைச் சொருகியது.

"கழுகு சார்?"

"அவர் கதையே தனி. மதியம் ஆனா யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுட்டு எங்கயோ போயிடுவாரு. நாலு மாசமா இதே வழக்கம். எங்கயாவது படுத்துத் தூங்குவாரு, வேறென்ன?"

அண்ணியின் கை தன் போக்கில் அடுக்கின் மேல் கிடந்த பழைய தாளைத் தடவியது. தடவிய கை நின்றது.

அ அ அ அ. ஆ ஆ ஆ. அடுத்த வரியில் மரம், மரம், மரம்.

"அக்கா, இந்தத் தாள் ஏது?"

"மெஷின் ரூம் குப்பைக்கூடையில இருந்து அள்ளினது. வெத்துத் தாள்தானே?"

பார்வையுள்ளவர்களுக்கு அது வெற்றுத் தாள்தான். மை இல்லை, எழுத்து இல்லை, வெள்ளையில் வெள்ளைப் பொரிப்பொரியாக ஏதோ. இந்த அச்சகத்தில் பார்வையுள்ள யாரும் புள்ளியைப் படிக்கப் பழகவில்லை. அந்த வேலைக்குத்தான் அண்ணி இருக்கிறாளே. மழுங்கியதா, துளைத்ததா என்று பார்ப்பார்கள். படிக்க மாட்டார்கள்.

அண்ணி கூடையிலிருந்து வந்த தாள்களைத் தனியாகப் பிரித்தாள். முப்பதுக்கு மேல் இருந்தன. தலைவரிகளில் நாலு மாதத்துத் தேதிகள். நேரம் எல்லாம் ஒன்று ஐந்திலிருந்து ஒன்றரைக்குள். புள்ளிகள் பல இடங்களில் தேய்ந்து நசுங்கியிருந்தன. பழகிய விரல் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் நகரும். இது அழுத்தி, மேலும் கீழும் தேய்த்து, மறுபடி வந்து தேய்த்த விரல். புதிதாகப் படிக்கிறவரின் பயந்த விரல்.

தேதி வரிசையில் படித்தாள். அ, ஆ முடிந்து சொற்கள். சொற்கள் முடிந்து வாக்கியங்கள். இரண்டு மாதத்துக்கு முன்: 'எனக்கு ஜன்னல் தெரிகிறது. விளக்கு தெரிகிறது.' போன மாதம்: 'ஜன்னல் தெரிகிறது. முகம் தெரியவில்லை.' நேற்று: 'ஜன்னல் இன்னும் தெரிகிறது.'

ஜன்னல்.

காலை பத்தரைக்குத் தேநீர் குடிக்கும்போது கொழுந்தன் எல்லோர் முன்னாலும் சொன்னான். "தூங்குமூஞ்சிக்குள்ள 'ஜன்னல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. நூத்துச் சொச்சம் பைல். டிஸ்க்குல ஏத்தியாச்சு. சாயங்காலம் திறந்து பார்த்து, என்ன ஏதுன்னு பட்டியல்ல போட்டு மேடம்கிட்ட கொடுக்கணும்." அப்போது யாரோ கோப்பையை மேசை விளிம்பில் பாதியும் காற்றில் பாதியுமாக வைத்தார்கள். கோப்பை விழுந்து உடைந்தது. "அடடா, கைதவறிடுச்சு," என்றார் கழுகு.

அண்ணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, கழுகைத் தேடி ஒவ்வொரு அறையாகப் போனாள். கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

3:50.

தாள் கிடங்கு கட்டடத்தின் கடைசியில் இருந்தது. கதவருகே நின்று அண்ணி காது கொடுத்தாள். உள்ளே அட்டைப் பெட்டிகளின் மேல் ஒரு கை அலைந்துகொண்டிருந்தது. இடையிடையே மோதிரம் சுவரில் உரசும் மெல்லிய கீறல். போன வருடம் வரை கழுகு நடந்தால் அந்த ஓசை வந்ததில்லை.

"கழுகு சார், டிஸ்க் எங்க?"

கை நின்றது.

"என்னம்மா கேக்கறே? எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கடிகாரத்துல இப்ப மணி என்ன?"

"எதுக்கு?"

"எப்பவும் எட்டு நிமிஷம் முன்னால வெச்சிருப்பீங்க. எங்கயும் தாமதமாப் போகக் கூடாதுன்னு. ஊருக்கே தெரிஞ்ச கதை. இன்னிக்குக் காலையில தூங்குமூஞ்சியை எழுப்பினது நீங்க. அதுக்கு நேரம் சொல்லிக் கொடுத்ததும் உங்க கடிகாரம்தான். அதனாலதான் பத்து அஞ்சுக்கு அச்சான தாள் பத்து மணிச் சங்குக்கு முன்னாடியே என் கைக்கு வந்துச்சு. மெஷின் எழுதி வெச்ச ஒண்ணு இருபத்தொன்பது, நிஜத்துல ஒண்ணு இருபத்தொண்ணு. அப்ப என் கொழுந்தன் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டிருந்தான். மேடம் நடையைப் பார்க்க ஆரம்பிச்சது அதுக்கும் நாலு நிமிஷம் கழிச்சு."

"நேரம் திருத்தினவன்தான் திருடன்னு ஆயிடுமா?" குரலில் பழைய கம்பீரம் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"ஆகாது. ஆனா நாலு மாசமா மதியத்துல புள்ளி எழுதிப் பழகினவர் யாருன்னு யோசிச்சேன். நான் பழக வேண்டியதில்ல. பைண்டிங் அக்கா தையலை விட்டு எழுந்திரிக்கல. மேடம் மதியத்துல இங்க இருக்கறதே இல்ல. தம்பி தினமும் என் எதிர்லதான் சாப்பிடறான். போன செவ்வாய்க்கிழமை தம்பிக்கு உதவறேன்னு மேடத்தோட புத்தம்புது மெஷின்ல சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினீங்க. வேடிக்கைக்கு ஒட்டினேன்னீங்க, எல்லாரும் சிரிச்சோம். பச்சையும் சிவப்பும் உங்களுக்கு ஒண்ணாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்." அண்ணி மூச்சு வாங்கினாள். "கூடையில போட்டா யார் படிக்கப் போறாங்கன்னு நினைச்சீங்க. கண்ணு தெரிஞ்சவங்க செய்யற தப்பு சார் அது. வெள்ளைத் தாள்னா வெத்துத் தாள்னு நினைக்கறது."

கழுகு பெட்டிகளின் மேல் உட்காருகிற சத்தம் கேட்டது.

"நடுவுல ஒரு புகை," என்றார். "ஓரத்துல எல்லாம் தெரியுது. எதை நேராப் பார்க்கறேனோ அது மட்டும் இல்ல. டாக்டர், திரும்பி வராதுன்னுட்டாரு. வீட்டுல கூட சொல்லலை. கழுகுன்னு கூப்பிட்ட வாயால நாளைக்கு என்னன்னு கூப்பிடுவாங்க?"

"அதுக்குப் பிள்ளைங்க புத்தகத்தையா தூக்கிட்டுப் போறது?"

"அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழிக்கத்தான் போனேன். திரையில எழுத்து தெரியலை. எதை அழிக்கறோம்னு தெரியாம எதையாவது அழிச்சுட்டா? பிடுங்கி எடுத்துட்டேன். என் ரூம்ல வெச்சு நிதானமாப் பார்த்துட்டு, திருப்பி மாட்டிடலாம்னுதான். வழியில கதவு சத்தம் கேட்டுச்சு. இந்தக் கிடங்குக்குள்ள நுழைஞ்சு, ஒரு பெட்டியைப் பிரிச்சு உள்ள போட்டு, நாடாவை மறுபடி ஒட்டிட்டேன்."

"என் கொழுந்தனைத் திருடன்னு சொன்னப்ப பக்கத்து நாற்காலியில கம்முனு உட்கார்ந்திருந்தீங்களே சார். அதை எப்படி மன்னிக்கறது? அவனுக்கும் ஒரு மானம் இருக்கு."

"எடுத்துத் திருப்பிக் கொடுத்துடணும்னு ரெண்டரை மணியிலேருந்து இங்கதான் நிக்கறேன்." அவர் தேம்பினார். "எந்தப் பெட்டின்னு தெரியலைம்மா. நாப்பது பெட்டி இருக்கு. எல்லாம் ஒரே பழுப்பு. எல்லாம் ஒரே புகை."

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பெட்டியில் கை வைத்தாள். காகித ஆலையில் ஒட்டிய நாடா கண்ணாடி போல வழவழவென்று ஓடும். பிரித்து மறுபடி ஒட்டினால் எங்காவது ஒரு சுருக்கம் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் போய்க்கொண்டே இருந்தது. வெளியே ஆலையின் நாலு மணிச் சங்கு ஊதியது. இருபத்தேழாவது பெட்டியில் அரிசி நீளத்துக்கு ஒரு மடிப்பு.

உள்ளே, தாள்களின் நடுவே, சில்லென்று டிஸ்க்.

அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா வேற."

4:20.

மேடத்தின் அறையில் கழுகு எதையும் மறைக்கவில்லை. பேசி முடித்தபின் அவர் கொழுந்தன் இருந்த பக்கம் திரும்பினார். சற்றே தள்ளி, சுவரைப் பார்த்துத்தான் திரும்பினார் என்று பைண்டிங் அக்கா பிறகு சொன்னாள்.

"தம்பி, உன் பேரைக் கெடுக்க விட்டுட்டேன். தப்பு என்னுது."

கொழுந்தன் டிஸ்க்கை வாங்கிக்கொண்டான். நல்ல வார்த்தை சொல்ல அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை. "பைல் எல்லாம் இருக்கான்னு முதல்ல பார்க்கறேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான். பத்து நிமிடத்தில் நடையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது. "எல்லாம் இருக்கு! தூங்குமூஞ்சியில மட்டும் பாதியை மறுபடி எடுத்தாப் போதும்!"

மேடம் நாற்காலியில் சாய்ந்தாள். "ரெண்டாவது நகல் இல்லாம துடைக்கச் சொன்னது நான்," என்றாள் மெதுவாக. "போலீஸைக் கூப்பிட்டிருந்தா முதல்ல என்னைத்தான் கேட்டிருக்கணும்." பிறகு அச்சுப் பிரிவைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றாள். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

கொழுந்தன் பட்டியலோடு திரும்பி வந்தான். "அண்ணி, இந்த 'ஜன்னல்' ஃபோல்டரை என்னன்னு எழுதறது?"

"பயிற்சிப் பாடம்னு எழுது. வெச்சிருக்கணும்னும் எழுது."

அவன் கழுகைப் பார்த்தானா என்று அண்ணிக்குத் தெரியாது. பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

4:45.

அண்ணி தன் மேசைக்குத் திரும்பினாள். பின்னாலேயே மோதிரம் சுவரை உரசிக்கொண்டு வந்தது. நான்காம் வகுப்பு அறிவியல் விட்ட இடத்திலேயே விரிந்து கிடந்தது. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். அவர் உடனே அழுத்தித் தேய்த்தார்.

"அழுத்தாதீங்க சார். புள்ளி எங்கயும் ஓடிப் போயிடாது."

விரல் லேசாயிற்று. நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"மே... க... ம்," என்றார் கழுகு.

"அடுத்த சொல்லு," என்றாள் அண்ணி.